பஞ்சுவுக்கு ஒப்பரேசன் செய்யிறதா விடுறதா? – செல்லப்பிராணி கேள்வி பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில முயல் வளர்க்கிற ஆக்கள்தான் கூட. அதில நாலு பேர் கேட்டது கிட்டத்தட்ட ஒரே விசயம், ஆண்முயலுக்கு விதை எடுக்கிறதா வேண்டாமா எண்டு. அதால வேற கேள்வியளை அடுத்தமுறைக்குத் தள்ளிப்போட்டு இதையே எழுதுறன்.

கேள்வி: அக்கா, நாங்கள் உப்புவெளியில இருக்கிறம். வீட்டில பஞ்சு எண்டு ஒரு வெள்ளைக் கடுவன் முயல், இப்ப 7 மாதம். சின்னனில சரியான அமைதி, மகளின்ட மடியிலயே நித்திரை கொள்ளும். இப்ப ரெண்டு மூண்டு மாதமா ஆளே மாறிப்போனான். மகள் நடந்தா காலைச் சுத்திச் சுத்தி ஓடுறான், உறுமுற மாதிரி ஒரு சத்தம், தலகாணி, துவாய் எது கிடந்தாலும் ஏறுறான், சுத்திக்கொண்டே மூத்திரத்தைச் சீறியடிக்கிறான். மகளின்ட வெள்ளை யூனிபோம் எத்தினை தரம் தோய்ச்சும் அந்த மணம் போகுதில்ல. பக்கத்து வீட்டு அக்கா சொல்லுறா விதையை எடுத்தா எல்லாம் சரியாகும் எண்டு. மாமி சொல்லுறா வாயில்லாச் சீவனுக்கு அப்பிடிச் செய்யிறது பாவம், கையெடுங்கோ எண்டு. இவரின்ட சித்தப்பா தம்பலகாமத்தில நாம்பன் மாடுகளுக்கு நலமடிக்கிறவர், "இஞ்ச கொண்டு வாங்கோ, அஞ்சு நிமிச வேலை" எண்டுறார். மகள் அழுதுகொண்டு திரியிறாள், அதோட பஞ்சுவுக்குச் சோடியா ஒரு பெட்டையும் வேணுமாம். என்ன செய்யிறதெண்டே விளங்குதில்ல அக்கா.

பதில்: தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு கதைப்பம், முதல்ல ஒண்டு. பஞ்சுவைத் தம்பலகாமத்துக்கு மட்டும் கொண்டுபோயிடாதீங்கோ. சித்தப்பா மாட்டில கைதேர்ந்தவராத்தான் இருப்பார், வயலும் மாடுமா இருக்கிற ஊராக்களுக்கு மாட்டைப்பற்றி நான் சொல்லிக்குடுக்க ஏலாது. ஆனா முயலின்ட உடம்பு வேற. முயலுக்கு விதைப்பைக்கும் வயித்துக்கும் இடையில இருக்கிற வழி வளர்ந்த பிறகும் மூடாது, திறந்தபடியேதான் இருக்கும், அதாலதான் பயந்தா விதை ரெண்டையும் உள்ளுக்க இழுத்துக்கொள்ளுது. ஒப்பரேசன் செய்யிற டொக்டர் அந்த வழியை யோசிச்சு, விதையைச் சுத்தி இருக்கிற உறையோட சேர்த்துக் கட்டுவார் இல்லாட்டி அந்த வழிக்கே தையல் போட்டு மூடுவார். அப்பிடிச் செய்யாம விட்டா குடல் அதுக்குள்ளால இறங்கிவிடும். அதைவிட, மயக்கம் குடுக்காம அமத்திப் பிடிச்சா முயல் பின்னங்காலால உதைக்கிற உதையில தன்ர முதுகெலும்பையே முறிச்சுக்கொள்ளும், எலும்பு அவ்வளவு மெல்லிசு, காலில மட்டும்தான் பலம். நோவிலயும் பயத்திலயும் பிடிச்ச கையிலயே செத்துப்போனதும் உண்டு. சித்தப்பா நல்ல மனசோடதான் கேட்டிருப்பார், அவரிட்டச் சண்டை பிடிக்காம இதைச் சொல்லுங்கோ, மாடு வளர்க்கிற ஆளுக்கு விளங்கும்.

இனிப் பஞ்சுவுக்கு என்ன நடக்குது எண்டு பாப்பம். அவனுக்குக் குணம் கெட்டுப்போகேல்ல, வயசுக்கு வந்திட்டான். கடுவன் குட்டியளுக்கு 10, 12 கிழமையில விதை கீழ இறங்கும், நாலாம் மாதத்தில இருந்து சோடி தேடத் தொடங்கும், சின்ன இனமெண்டா அதுக்கும் முந்தி. காலைச் சுத்தி ஓடுறதும் அந்த உறுமல் சத்தமும் பெட்டையை மயக்கிற வேலை. வீட்டில வேற முயல் இல்லாததால உங்கட மகளைத் தெரிஞ்செடுத்திருக்கிறான், அவளிலதான் அவனுக்குக் கூட விருப்பம். மூத்திரம் அடிக்கிறது "இது என்ர ஆள்" எண்டு அடையாளம் வைக்கிறது. கதிரைக்கால், கதவு மூலையில நாடியைத் தேய்ச்சுக்கொண்டு போறானா எண்டும் பாருங்கோ, நாடிக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு, அதுவும் அடையாளம் வைக்கிற வேலைதான், எங்களுக்கு அந்த மணம் தெரியாது. இதையெல்லாம் மகளுக்கு விளங்கப்படுத்துங்கோ, பாவம் பிள்ளை, பஞ்சுவுக்குத் தன்னில கோவம் எண்டு நினைச்சுத்தான் அழுதோ தெரியாது. அடிக்கிறது, தண்ணி தெளிக்கிறது, பேசிறது ஒண்டும் வேண்டாம், அது பலிக்காது, முயல் உங்களுக்குப் பயப்பிடப் பழகுமே ஒழிய மூத்திரம் அடிக்கிறதை விடாது.

விதை எடுத்தா இதில எது நிக்கும்? மூத்திரம் சீறியடிக்கிறது, ஏறுறது, சுத்தி ஓடுறது, மூலைக்கு மூலை புழுக்கை போட்டு எல்லை வைக்கிறது, இதெல்லாம் பெரும்பாலும் குறைஞ்சுபோகும், சிலதில முற்றாவே நிண்டுபோகும். மூத்திரத்தின்ட அந்தக் கடும் மணமும் குறையும், ஒரு தட்டில போகப் பழக்கிறதும் லேசாகும். ஆனா அடுத்தநாள் விடிய மாறியிருப்பான் எண்டு எதிர்பாக்காதீங்கோ, உடம்பில இருக்கிற ஹோர்மோன் இறங்க ஒரு மாதம், சிலவேளை ரெண்டு மாதமும் எடுக்கும். கன காலம் பழகின பழக்கமெண்டா கொஞ்சம் மிச்சம் இருக்கவும் கூடும், அதாலதான் செய்யிறதெண்டா 4 மாதத்தில இருந்து 6 மாதத்துக்குள்ள செய்யிறது நல்லம் எண்டு சொல்லுறது. 7 மாதம் பிந்தினதில்ல. வயர் கடிக்கிறது, பாயை அரிக்கிறது, செருப்பைக் கொறிக்கிறது மட்டும் நிக்காது, அது முயலின்ட பிறவிக்குணம், அதுக்காக ஒப்பரேசன் செய்யிற ஆக்கள் ஏமாந்துதான் போவினம்.

நோய் வரும் எண்டு பயந்து கடுவனுக்குச் செய்யத் தேவையில்ல. இதில பெட்டை முயலின்ட கதை வேற. பெட்டைக்கு நாலு வயசு தாண்டினா கர்ப்பப்பையில புற்றுநோய் வாறது மிச்சம் கூட, சில இனங்களில பாதிக்கு மேலயும் வந்திருக்கு, அதால பெட்டைக்குக் கர்ப்பப்பை எடுக்கிறது அதின்ட உயிரைக் காக்கிற விசயம். கடுவனுக்கு வயசு போன நேரம் விதையில கட்டி வரலாம், ஆனா அது அரிது. ஆகவே உங்கட கேள்வி ரெண்டே ரெண்டில நிக்குது. பஞ்சுவோட உங்களால இப்பிடியே சீவிக்க ஏலுமா, அவனுக்குச் சோடி வரப்போகுதா.

மாமி சொன்னதை நான் லேசா எடுக்கேல்ல. வாயில்லாச் சீவனை நினைச்சு ஒராள் யோசிக்கிறது நல்ல விசயம். ஆனா பாவத்தைப் பாக்கிறதெண்டா மற்றப் பக்கத்தையும் சேர்த்துப் பாக்கவேணும். நான் எத்தினையோ வீட்டில கண்டது என்னெண்டா, கடுவன் மூத்திரம் அடிக்கத் தொடங்கினவுடன வீட்டுக்குள்ள விடுறதை நிப்பாட்டிப்போடுவினம், பிறகு முத்தத்தில ஒரு கூடு, பிறகு பின்வளவில கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில, பிறகு ஆரும் தூக்கிறதே இல்ல. முயல் 8 வருசம், 10 வருசம் சீவிக்கிற பிராணி. அவ்வளவு காலமும் ஒரு கம்பிக்கூட்டுக்குள்ள தனிய இருக்கிறதுக்கு மயக்கம் குடுத்து ஒழுங்காச் செய்யிற ஒரு ஒப்பரேசன் எவ்வளவோ மேல். மாமியிட்ட இதைச் சொல்லிப் பாருங்கோ. அதேநேரம், நீங்கள் அவனை வீட்டுக்குள்ள விட்டு, துவாயை அடிக்கடி தோய்ச்சு, அந்த மணத்தைப் பொறுத்துக்கொண்டு வளர்ப்பம் எண்டு நினைச்சா, சோடியும் கொண்டுவாறேல்ல எண்டா, செய்யாம விடுறதிலயும் ஒரு பிழையும் இல்ல. இதில அவசரப்படுத்திற ஆக்களை நம்பாதீங்கோ.

இனிப் பயப்பிட வேண்டிய இடம். முயலுக்கு மயக்கம் குடுக்கிறது நாய், பூனைக்குக் குடுக்கிறதைவிட ஆபத்துக் கூட. பிரித்தானியாவில 2008 இல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில, நோய் நொடி இல்லாத முயல்களிலயே மயக்கத்தாலயும் அதுக்குப் பிறகு ரெண்டு நாளுக்குள்ளயும் செத்தது 1000க்கு 7 அளவில வந்தது, நோயில்லாத பூனைக்கு அது 1000க்கு 1, நாய்க்கு 2000க்கு 1. அதில கவனிக்கவேண்டியது, செத்த முயல்களில பாதிக்கு மேல செத்தது கத்தி வைக்கிற நேரத்தில இல்ல, ஒப்பரேசன் முடிஞ்சு பிறகு. அதாவது டொக்டரின்ட கை எவ்வளவு முக்கியமோ, வீட்டுக்குக் கொண்டுவந்தாப் பிறகு உங்கட கவனிப்பும் அவ்வளவு முக்கியம்.

அதால நான் சொல்லுறது, செய்யிறதா வேண்டாமா எண்டு முடிவெடுக்க முந்தி ஆர் செய்யப்போறார் எண்டதைத் தேடுங்கோ. முயலில பழக்கமுள்ள டொக்டர் கிடைச்சா செய்யுங்கோ, கிடைக்காட்டி விடுங்கோ, என்ர முடிவு அவ்வளவுதான். எங்கட பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில மாடு, ஆடு, கோழி, நாய் எண்டு வேலை தலைக்கு மேல, முயல் ஒப்பரேசனில எல்லாருக்கும் ஒரே பழக்கம் இருக்காது, அதைக் கேட்டா டொக்டர்மார் மறைக்காமச் சொல்லுவினம். "இதுவரைக்கும் முயலுக்குச் செய்திருக்கிறியளா, எந்த மயக்கம் குடுப்பியள், நோ மருந்து குடுப்பியளா, அந்த உள்வழியை மூடுவியளா" எண்டு மரியாதையாக் கேளுங்கோ. இன்னொரு கேள்வி கட்டாயம் கேக்கவேணும், "முதல்நாள் ராத்திரி சாப்பாடு குடுக்காம விடுறதா?" எண்டு. நாய் பூனையெண்டா பட்டினி போடச் சொல்லுவினம், ஏனெண்டா மயக்கத்தில சத்தி எடுத்துப் புரைக்கேறும். முயலால சத்தி எடுக்கவே ஏலாது. அதோட குடல் ஓடிக்கொண்டே இருக்கவேணும், பட்டினி போட்டா அது நிண்டுபோகும். ஆகவே பட்டினி போடச் சொல்லுற இடத்தில முயலுக்குப் பழக்கம் குறைவு எண்டு விளங்கிக்கொண்டு வேற இடம் பாருங்கோ. நாய்களுக்கு வைக்கிற கருத்தடை முகாமுக்கு முயலைக் கொண்டுபோற யோசனையும் வேண்டாம்.

இஞ்ச ஆரும் கிடைக்காட்டி கண்டிக்குக் கிட்ட இருக்கிற பேராதனைப் பல்கலைக்கழகத்தின்ட மிருக வைத்திய போதனா ஆஸ்பத்திரிக்கு முதல் போன் எடுத்துக் கேளுங்கோ, சும்மா கொண்டுபோய் நிக்காதீங்கோ. திருகோணமலையில இருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளையால கண்டிக்கு 180 கிலோமீற்றர் அளவு வரும், முயலுக்கு அது சின்னப் பயணமில்ல. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில எங்கட பக்கம் 35 பாகை தாண்டும், முயல் 30 பாகைக்கே திணறத் தொடங்கிற பிராணி, அதுக்கு வேர்க்காது, காதாலதான் சூடு போகவேணும். அதால மே தொடக்கம் ஆவணி வரைக்கும் இந்தப் பயணமும் வேண்டாம், ஒப்பரேசனும் வேண்டாம். மாரி விட்டு தை, மாசியில வெய்யில் ஏற முந்தி விடியப்புறம் வெளிக்கிடுங்கோ. கூட்டுக்குள்ள நிறையப் புல், தண்ணிப் போத்தலை ஐஸாக்கித் துவாயில சுத்தி ஒரு பக்கத்தில வையுங்கோ. முடிஞ்சா ஒரு ராத்திரி கண்டியில தங்கி, அவன் சாப்பிட்டுப் புழுக்கை போட்டாப் பிறகு திரும்புங்கோ.

ஒப்பரேசனுக்குப் பிறகு எப்பிடி எண்டு மட்டிக்கழியில ஒரு வீட்டில நான் கிட்ட இருந்து பாத்தனான், அதைச் சொல்லுறன். பின்னேரம் கொண்டுவந்தினம். முயல் மூலையில குந்திக்கொண்டு, முதுகை வளைச்சு, கண் அரைவாசி மூடினபடி, ஒண்டையும் திரும்பிப் பாக்கேல்ல. அந்த வீட்டு அக்கா புல்லை வைச்சா, தொடேல்ல. கொத்தமல்லித்தழை, தொடேல்ல. கிட்டக் காதை வைச்சா பல்லை நறநறவெண்டு கடிக்கிற சத்தம் கேட்டுது, அது நோவில கடிக்கிறது. டொக்டர் குடுத்துவிட்ட நோ மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சால வாயின்ட பக்கவாட்டில விட்டுப்போட்டு, லைட்டை நிப்பாட்டி, பிள்ளையளை அறையில இருந்து வெளியில அனுப்பிப்போட்டு அவ தனிய இருந்தா. கொஞ்ச நேரத்தால ஒரு முருங்கைக் கொப்பை மூக்குக்குக் கிட்ட பிடிச்சா. மூக்கு ரெண்டு தரம் அசைஞ்சுது, பிறகு ஒரு இலை, பிறகு இன்னொண்டு. விடிய விரிச்சிருந்த பேப்பரில அஞ்சாறு புழுக்கை கிடந்துது, சின்னனா, ஒரே அளவில்லாம. அதைக் கண்டாப் பிறகுதான் அவ போய்த் தேத்தண்ணி குடிச்சா.

நீங்களும் அதைத்தான் பாக்கவேணும், வாயையும் புழுக்கையையும். 12 மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடேல்ல, புழுக்கையும் இல்ல எண்டா அது அவசரம், விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காம டொக்டருக்கு எடுங்கோ. வீட்டில கிடக்கிற மனிசரின்ட குளுசை ஒண்டையும் குடுக்காதீங்கோ, முக்கியமா அமொக்சிசிலின். பிள்ளையளுக்குக் காய்ச்சலுக்கு வாங்கின மிச்சம் எல்லா வீட்டிலயும் கிடக்கும், முயலுக்கு அதை வாயால குடுத்தா குடலில இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்து முயலே செத்துப்போகும். மரத்தூள் போடாம பழைய துவாய், பேப்பர் விரியுங்கோ, தூள் காயத்தில ஒட்டும். தையலை ஒவ்வொருநாளும் காலமை பின்னேரம் பாருங்கோ, ரெண்டு மூண்டு நாளைக்கு மெல்லிய வீக்கம் இருக்கிறது பரவாயில்ல, நீர் வடிஞ்சா, நாறினா, கூட வீங்கினா காட்டவேணும். எங்கட காலநிலையில இலையானும் எறும்பும்தான் பெரிய எதிரி. ஈரமான மயிரில இலையான் முட்டை இட்டா ஒருநாளிலயே புழு வைச்சிடும், ஆகவே வீட்டுக்குள்ளயே வைச்சு, நுளம்புவலை மாதிரி ஏதாவது மூடி, கூட்டுக்கால் நாலையும் தண்ணிச் சிரட்டைக்குள்ள வையுங்கோ. தெள்ளுக்கு எண்டு நாய்க்கு முதுகில விடுற ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்கு விடவே கூடாது, அது நஞ்சு. குளிக்க வாக்கிறதும் வேண்டாம். ஒரு கிழமை பத்து நாளைக்கு கதிரை, கட்டிலில பாய விடாதீங்கோ.

பிறகு ஒண்டு, விதை எடுத்த முயல் லேசாக் கொழுக்கும். எங்கட ஆக்கள் பாசத்தில பாண், சோறு, பிஸ்கட் எல்லாம் குடுக்கிறவை, அதை இப்பவே நிப்பாட்டுங்கோ. புல்தான் சாப்பாடு, நாள் முழுக்கப் புல், மிச்சம் கொஞ்சம் இலைவகை. கரட் எண்டது இனிப்பு மாதிரி, ஒரு துண்டு காணும்.

சோடி விசயம் கடைசியாச் சொல்லுறன் ஆனா அதுதான் உங்கட முடிவைத் தீர்க்கப்போகுது. மகள் பெட்டை வேணும் எண்டு கேட்டா, பஞ்சுவுக்குச் செய்து, பிறகு 6 கிழமை போனாப் பிறகுதான் பெட்டையைக் கொண்டுவரவேணும். அதுக்கு முந்திக் கொண்டுவந்து "வேற வேற கூட்டில வைப்பம்" எண்டு நினைக்காதீங்கோ. முயலுக்கு ஒரு நிமிசமும் தேவையில்ல, பெட்டைக்கு சேர்ந்தாப் பிறகுதான் முட்டையே வெளிவரும், ஆகவே எந்த நாளும் அதுக்குச் சரியான நாள். 31 நாளில குட்டி, ஏழெட்டு, குட்டி போட்ட அண்டைக்கே திரும்பவும் சினைப்படும். அந்தக் குட்டியளை ஆருக்குக் குடுக்கிறது? முதல் ஈத்தைச் சொந்தக்காரர் ஆசையா வாங்குவினம், ரெண்டாம் ஈத்துக்குப் போன் எடுக்க மாட்டினம். பெட்டை வரப்போகுது எண்டா பஞ்சுவுக்குச் செய்யிறதுதான் சரி, கட்டாயம் செய்யுங்கோ. பெட்டை வராது எண்டா மகளோட இருந்து கதைச்சு ஆறுதலா முடிவெடுங்கோ.

கேள்வி: அக்கா, நான் கிண்ணியா. ஒரே ஈத்தில பிறந்த ரெண்டு கடுவன் வளர்க்கிறன், 5 மாதம். ஒண்டாப் படுத்து ஒண்டாச் சாப்பிட்டதுகள், போன கிழமை பெரிய சண்டை, ஒண்டின்ட காது கிழிஞ்சு விதைப்பையிலயும் கடிகாயம். ஒண்டுக்கு மட்டும் விதை எடுத்தா அடங்குமா?

பதில்: தம்பி, இண்டைக்கே ரெண்டையும் பிரிச்சு வையுங்கோ, பகல்ல கொஞ்சநேரம் விட்டுப் பாப்பம் எண்ட பேச்சே வேண்டாம். வயசுக்கு வந்த கடுவனுகள் சண்டை பிடிக்கேக்க கடிக்கத் தேடுறதே அந்த இடத்தைத்தான், கடிச்சுப் பிடுங்கியே போடும். அண்ணன் தம்பி எண்ட கணக்கெல்லாம் அதுகளுக்கு நாலு மாதத்தோட முடிஞ்சிடும். காயம்பட்டதை டொக்டரிட்டக் காட்டுங்கோ, முயலின்ட கடிகாயம் வெளியில சின்னனாத் தெரியும், உள்ளுக்க கட்டியாச் சீழ் வைக்கும், அந்தச் சீழ் பால்கட்டி மாதிரித் தடிப்பா இருக்கிறதால தானா வடியாது.

ஒண்டுக்கு மட்டும் செய்யிறதில அர்த்தமில்ல. செய்யாத மற்றது விடாமத் துரத்தும். ரெண்டுக்கும் செய்யவேணும், காயம் ஆறினாப் பிறகு. அதுக்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல கம்பிக்கு அங்கால இங்கால ஒண்டை ஒண்டு பாக்கக்கூடிய மாதிரி, ஆனா கடிக்க எட்டாத மாதிரி ரெண்டு கூட்டில வைச்சு, ரெண்டுக்கும் பழக்கமில்லாத ஒரு இடத்தில, சரி உங்கட வீட்டுக் குளிக்கிற அறையோ விறாந்தையோ, நீங்கள் பக்கத்தில இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்துப் பாக்கலாம். ஒண்டின்ட நெத்தியை மற்றது நக்கத் தொடங்கினா நல்ல அறிகுறி. ஆனா இவ்வளவு மோசமாச் சண்டை பிடிச்ச சோடி திரும்பச் சேரும் எண்டு நான் உங்களுக்கு வாக்குத் தரமாட்டன், சிலது சேரவே சேராது. ரெண்டு ஒப்பரேசன் செலவுக்கு வசதியில்லாட்டி ஒண்டை நல்லா வளர்க்கிற வீட்டுக்குக் குடுக்கிறதும் அதுகளுக்கு நல்லதுதான், அதுக்காக மனம் நோகவேண்டாம்.

கேள்வி: பாலையூற்றில இருந்து எழுதுறன். எங்கட கடுவனுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி விதை எடுத்தாச்சு, தையலும் ஆறிப்போச்சு. பெட்டையோட இனிச் சேர்த்து விடலாம்தானே?

பதில்: விடாதீங்கோ, இன்னும் ஒரு மாதம் பொறுங்கோ. விதையை எடுத்தாலும் குழாயில ஏற்கனவே இருக்கிற விந்து 4 தொடக்கம் 6 கிழமை வரைக்கும் உயிரோட இருக்கலாம். தையல் ஆறினது தோலின்ட கணக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. "ஒப்பரேசன் செய்தும் குட்டி போட்டுது, டொக்டர் ஏமாத்திப்போட்டார்" எண்டு எனக்கு வாற கடிதங்களில கேட்டுப் பாத்தா, ரெண்டு மூண்டு கிழமையில சேர்த்து விட்டிருக்கினம். ஏற்கனவே ஒருக்கா ஓடிச்சேர்ந்திருந்தா பெட்டை தன்ர நெஞ்சு மயிரைப் பிடுங்கி, புல்லை வாயில கொண்டு திரியிறாளா எண்டு 4 கிழமை அளவில பாருங்கோ, அப்பிடியெண்டா குட்டிக்குக் கூடு கட்டுறாள், தொந்தரவு செய்யாம ஒரு பெட்டியில புல்லு நிறையப் போட்டுக் குடுங்கோ. சில பெட்டைகள் சினையில்லாமலே இப்பிடிச் செய்யிறதும் உண்டு.

அதோட, நான் மேல உப்புவெளித் தங்கச்சிக்கு எழுதினதை வாசியுங்கோ. கடுவனுக்குச் செய்ததால குட்டிப் பிரச்சினை முடிஞ்சுது, ஆனா பெட்டையின்ட கர்ப்பப்பை நோய் அதால நிக்காது. அவளுக்கு 2 வயசுக்குள்ள, பழக்கமுள்ள டொக்டர் கிடைச்சா, அதைப்பற்றியும் கேளுங்கோ. அது வயித்தைத் திறக்கிற பெரிய ஒப்பரேசன், அவசரப்படாமக் கேட்டுச் செய்யவேண்டியது.

கேள்வி: உவர்மலை. எங்கட கடுவனுக்கு வாற மாதம் 7 வயசு. தனியத்தான் இருக்கு, ஒரு கரைச்சலும் இல்ல, சாப்பிட்டுப்போட்டுப் படுக்கும். இப்பவாவது செய்துபோட்டா நல்லமா?

பதில்: வேண்டாம் ஐயா. தனிய இருக்கு, மூத்திரம் அடிக்கேல்ல, ஏறேல்ல, இந்த வயசில மயக்கம் குடுக்கிற ஆபத்தை என்னத்துக்கு எடுப்பான்? மாதத்துக்கு ஒருக்கா மடியில வைச்சு விதை ரெண்டையும் மெல்லத் தடவிப் பாருங்கோ, ரெண்டும் ஒரே அளவில, மெத்தெண்டு இருக்கவேணும். ஒண்டு மட்டும் வீங்கி, கல்லு மாதிரி இறுகி, மற்றது சுருங்கிக்கொண்டு போனா அண்டைக்கு டொக்டரிட்டக் கொண்டுபோங்கோ, அப்ப ரத்தமும் சோதிச்சுத்தான் முடிவெடுப்பினம். அதைவிட இந்த வயசில பல்லைக் கவனியுங்கோ. புல்லை எடுத்து வாயில வைச்சுத் திரும்பப் போடுறதோ, நாடி ஈரமா இருக்கிறதோ கண்டா கடைவாய்ப்பல் வளர்ந்து குத்துது எண்டு அர்த்தம், வயசு போன முயலைக் கூடக் கஸ்ரப்படுத்திறது அதுதான்.